நாலு தட்டு சும்மா இருப்பது

ஜூலை 14, செவ்வாய்

செம்பூர் வகுப்பில் இன்றும் மானம் போனது. ஆப்பிரிக்க ஜெம்பே மேளத்தில் சோலோ தொடங்கும் முன் நாலு தட்டு நேரம் கை சும்மா இருக்க வேண்டும். நான் இரண்டிலேயே பாய்ந்துவிடுகிறேன். முந்தின ஸ்டேஷனிலேயே எழுந்து கதவருகே நிற்கிற பம்பாய்ப் புத்தி, வேறென்ன?

“பாய், சனிக்கிழமைக் கச்சேரியிலயும் இப்படின்னா சோலோவைத் தாணேயிலிருந்து வர்ற நம்ம பேங்க் ஆபீசருக்குக் கொடுத்துடுவேன்” என்றார் டீச்சர். ஆபீசர் தொப்பையைத் தடவியபடி அனுதாபமாகச் சிரித்தார். என் தொப்பை அதைவிடச் சின்னது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வீட்டுக்கு வந்து அடித்துக் காட்டினேன். தோல் பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்த என் மனைவி நூர்ஜஹான் நிமிரவேயில்லை.

“அந்த நேரத்துல ஒரு மடக்கு சாயா குடிங்களேன். சூடா இருந்தா மெதுவாத்தான குடிப்பிய?”

கிளாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்தேன், குடித்தேன், நாக்கு வெந்தது, சோலோவைத் தொடங்கினேன். சரியாக விழுந்தது. மூன்று தடவை விழுந்தது. அதற்குள் சாயா தீர்ந்துவிட்டது.

“சனிக்கிழமை பிளாஸ்க் கொண்டு போகவா?”

“வெறும் வாயால குடிச்சுப் பழகுங்க.”

இல்லாத சாயாவை ஒரு மடக்கு விழுங்கிவிட்டு அடித்தேன். அதுவும் விழுந்தது.

பாவம், அந்தத் தாணேக்காரர்.