அவர் மட்டும் எழவில்லை

கண்ணு,

தசைச் செல்லுக்குள் உப்பு அயனிகள் போய்வரும் வாசல்கள் உனக்குப் பிறவியிலேயே பழுது, சோறு அதிகமானால் கைகால் அசையாமல் போகும், அது அப்பாவழி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். திரும்பத் திரும்பப் படித்தேன்.

இடஒதுக்கீட்டு மறியலன்று உன் அப்பா காலையெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வந்து, கள்ளக்குறிச்சி சாலையிலேயே பொங்கிய சோற்றை வயிறுமுட்டச் சாப்பிட்டு உட்கார்ந்தார். போலீஸ் வந்ததும் எல்லோரும் ஓடினார்கள். அவர் மட்டும் எழவில்லை.

"அடி வுழுந்தப்போகூட அசையாம குந்திக்கினு இருந்தாரு" என்று ஊர் இன்றும் பெருமையாகச் சொல்கிறது. ஞாயிறு அவர் நினைவு நாள், படம் திறக்கிறார்கள். என்னைப் பேசச் சொல்கிறார்கள். மாலை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

சோற்றைக் குறைத்துக்கொள். யார் கூப்பிட்டாலும் மறியலுக்குப் போகாதே. எழுந்து ஓட முடிந்தவர்கள் உட்காரட்டும்.

உன் அம்மா