மோட்டார் கொட்டகையில் ஒரு சுதந்திரப் போர்

பிரம்மதேசம்,
கார்த்திகை மாதம்.

ஏழு கடல் தாண்டி பாஸ்டன் நகரில் அரசாளும் என் மகன் சேரனுக்கு, உன் அப்பாவின் இடத்திலிருந்து சித்தப்பா தாண்டவராயன் எழுதுவது. நீயும் கலைப்பிரியாவும் சுகம்தானே. நான் சுகம், என் மூட்டுவலி என்னைவிடச் சுகம். நேற்றைய மழையில் வங்காள விரிகுடாவே மரக்காணத்தை விட்டுக் கிளம்பி நம் வாசலுக்குக் குடிவந்துவிட்டது. உன் அம்மாவும் சுகம் என்று எழுதப் பார்க்கிறேன், அது மட்டும் வரவில்லை.

முப்பது வருடம் சரித்திர வாத்தியாராக நான் லட்சம் பிள்ளைகளைத் தூங்கவைத்த பாடம் ஒன்று உண்டு, அமெரிக்காக்காரன் ஏன் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்துச் சண்டைக்குப் போனான் என்று. வரி மட்டுமா காரணம், கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே எல்லாம் முடிவு செய்தார்கள், சிப்பாய்களை அனுப்பி அவர்கள் தங்க இடமும் கொடு என்றார்கள். அந்தப் போர் இப்போது நம் வீட்டில் நடக்கிறது, ராஜா நீ. கூடத்தில் பேசுகிற கேமரா வைத்தாய், சரி, பாதுகாப்பு. ஆனால் சம்பந்தி வீட்டார் எதிரில் 'அம்மா, சர்க்கரை ஏறும், லட்டு வேண்டாம்' என்று மேலேயிருந்து உன் குரல் இறங்கியதே, அண்ணி அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்துக்கொள்ள ஆரோக்கியசெல்வியை அனுப்பினாய், உன் சிப்பாய் கட்சி மாறி இப்போது அண்ணிக்குப் படைத்தளபதி. நீ அனுப்பிய பச்சை டீத்தூளை இருவருமாகத் தொழுவத் தொட்டியில் கொட்டினார்கள், உன் ஊர்த் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் ராஜா வரி போட்ட தேயிலையைக் கடலில் கொட்டியதுபோலவே. அதுவரை நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் மாடு. வெள்ளிக்கிழமை அண்ணி திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில், நீ போனில் பேசி முடித்த தரகன் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தவர் முளையில் கிடந்த வெறும் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். பொங்கல் கழிந்ததும் அவரைச் சென்னையில் முதியோர் விடுதியில் விட நீ ஏற்பாடு செய்திருப்பதையும் அன்றைக்குத்தான் ஆரோக்கியசெல்வி அவரிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணி அழவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வேர்க்கடலை விளையும் நம் மல்லாட்டைக் கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார், உன் கேமரா எட்டாத இடம். ஈரத்தரை, இருமல், வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார். நான் பெரிய ராஜதந்திரிபோலப் போய்க் கெஞ்சினேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாட்டையும் அவுத்துக் குடுத்திருப்பேன், நானும் கெளம்பியிருப்பேன் தம்பி. சொல்லாம கொள்ளாம ஏத்திக்கினு போனாங்களே, நாளைக்கு என்னையும் அப்படித்தானே" என்றார். 

அந்தப் போர் முடிந்த பிறகு இரண்டு நாடும் கைகுலுக்கிக்கொண்டு, ஒன்றின் ஊரில் மற்றொன்று தூதர் வைத்துக்கொண்டன, மரியாதைக்குக் குறைவில்லை. நீங்களும் அப்படி ஆகிவிடுவீர்களோ என்றுதான் பயமாக இருக்கிறது. இப்போதே அம்மா எப்படி என்று நீ என்னைக் கேட்கிறாய், அவன் சாப்பிடுகிறானா என்று அவரும் என்னைத்தான் கேட்கிறார். எனக்கு அந்த உத்தியோகம் வேண்டாமடா.

குலதெய்வம் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. அம்மா போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார், ஆரோக்கியசெல்வி நம்பருக்குப் பேசு. மாத்திரை போட்டாயா என்று ஆரம்பிக்காதே, முதலில் மாட்டைப் பற்றிக் கேள். பெயர் மறந்திருப்பாய், செவந்தி.

இப்படிக்கு,
தூதர் பதவியை ராஜினாமா செய்யும்
உன் சித்தப்பா தாண்டவராயன்