அதே மைக்கில் ஒரு வார்த்தை

அம்மிணி,

இன்று காலை அருள்புரத்தில் ரோந்து ஜீப்பை ஓரங்கட்டி நின்றிருந்தோம். சாயப்பட்டறைக்குப் போகிற டெம்போ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் நீல நிற கேன்கள். ஒன்றின் மூடி சரியில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. அசிட்டிக் ஆசிட். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் ஜீப்பை விட்டிறங்கித் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். "ஏனுங் ஏட்டய்யா, ஒடம்புக்கு ஆகலீங்களா?" என்று ஜீப் டிரைவர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது.

பயிற்சி முடிந்து வந்த உன் பேட்ச் பெண்கள் மகளிர் காவல் நிலையம் வேண்டும், குற்றப்பிரிவு வேண்டும் என்று அடித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நீ மட்டும் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டு வாங்கினாய். ஒருநாள் வயர்லெஸ் செட்டுக்குப் பேட்டரி மாற்ற வந்த நான், "நாலு செவுத்துக்குள்ள மைக்கைக் கட்டீட்டு என்னுங்க பண்ணப் போறீங்க?" என்று கிண்டலடித்தேன். "திருடனப் பிடிக்க ஊர்ப்பட்ட ஆளு இருக்காகண்ணே. கூப்ட்டா ஏன்னு கேக்க ஒரு ஆளு வேணும்ல" என்றாய். விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு. எங்கள் 'ங்க'வுக்கு நடுவில் உன் 'ண்ணே' தனியாகக் கேட்கும். மைக்கில் சொந்தப் பேச்சு கூடாது என்பது விதி. ஆனாலும் மதியச் செய்தி முடிந்ததும், "சாப்ட்டீகளாண்ணே?" என்று மெல்ல ஒரு வார்த்தை வந்து விழும். வெயிலில் நிற்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு வேறொரு பெருமை இருந்தது. குன்னத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். கள் வாடையைப் பத்தடி தூரத்தில் சொல்லிவிடுவேன். போதையில் வண்டி ஓட்டுகிறவனை ஊதச் சொல்ல வேண்டியதில்லை, "மெஷின் எதுக்குங்க, ஏட்டய்யா மூக்கு இருக்குதுல்ல" என்று ரோந்துப் பிரிவில் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டு மீசையை நீவிக்கொள்வேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் இதே சாலையில் ஒரு லாரி, ஒரு மொபெட். அடிபட்டவர் நினைவில்லாமல் கிடந்தார். சட்டையெல்லாம் புளித்த வாடை. குனிந்து பார்த்தவன் நிமிர்ந்து செட்டை எடுத்தேன். இடத்தைச் சொன்னேன், மொபெட் நம்பரைச் சொன்னேன், ஆம்புலன்ஸ் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆளு நல்லாத் தண்ணி போட்டிருக்காப்லீங்க" என்றேன்.

வருகிற செய்தியை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும், புத்தகத்தில் எழுத வேண்டும். அதுதான் உன் வேலை. நீ திருப்பிச் சொன்னாய். இடம், நம்பர், ஆம்புலன்ஸ். கடைசியில், "அடிபட்டவர் மது அருந்தியுள்ளார்." குரலில் ஒரு பிசிறு இல்லை. அது உன் வீட்டு வண்டி என்று எனக்கு எப்படித் தெரியும்? நம்பரைக் கேட்ட நொடியிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் ஆம்புலன்ஸை அனுப்பினாய். பிறகு மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாய்.

அரசு மருத்துவமனை வாசலில் காக்கியோடு நீ ஓடி வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் காலையில் உன் வீட்டுக்காரர் போய்விட்டார். அவர் குடிக்கவே இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வேலை பார்த்த சாயப்பட்டறையில் கேன் சரிந்து சட்டையெல்லாம் ஆசிட் கொட்டியிருக்கிறது. வேறு சட்டை மாற்ற வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் அவர். என் மூக்கின் லட்சணம் அவ்வளவுதான்.

என் தப்பை எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். காகிதம் பைலுக்குள் போனது. மைக்கில் கேட்டவர்களில் யார் பைலைப் பார்க்கப் போகிறார்கள்? உன்னிடம் துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "குடிகார மனுசனைக் கட்டீட்டு என்ன பாடு பட்டீங்களோ" என்றாராம். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாய்.

"எழுதிக் குடுத்தீக, சரிண்ணே. அன்னைக்கு நீங்க சொன்னத எல்லா ஸ்டேசனும் கேட்டுச்சு. அதே மைக்குல, அவரு குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அவரு பேரு அப்பிடி நிக்கக் கூடாதுண்ணே."

"செரிங்க அம்மிணி, நாளைக்கே சொல்லீர்றனுங்க" என்றேன்.

மறுநாள் செட்டை எடுத்தேன். டி.எஸ்.பி. லைனில் இருந்தார். வைத்துவிட்டேன். அதற்கடுத்த நாள் ஏதோ பந்தோபஸ்து. உண்மையைச் சொன்னால் டி.எஸ்.பி.யும் இல்லை, பந்தோபஸ்தும் இல்லை. ஏட்டய்யா மூக்கு ஏமாந்துவிட்டது என்று ஊரே சிரிக்கும் என்கிற பயம்தான். இறந்துபோன மனிதரின் பெயரைவிட எனக்கு என் மூக்கு பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, அம்மிணி.

நீ மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன் என்று பல நாள் உன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் ஒரே அலைவரிசையில் வேலை பார்த்தோம். செய்தியை வாங்கினாய், திருப்பிச் சொன்னாய், எழுதினாய். "சாப்ட்டீகளாண்ணே" என்று மட்டும் கேட்கவில்லை.

போன மாதம் காய்ச்சல் என்று லீவு போட்டாய். நாலாம் நாள் நீ இறந்த செய்தி மைக்கிலேயே வந்தது. கேட்டுவிட்டு, ஜீப்பின் டேஷ்போர்டில் தலை வைத்து அழுதேன்.

இன்று அந்த டெம்போ போன பிறகு செட்டை எடுத்தேன். எல்லா ஸ்டேஷன்களும் ஆஜர் சொல்கிற காலை நேரம். உன் இடத்தில் இப்போது ஒரு புதுப் பெண். "ஆறு வருசத்துக்கு முன்னால அருள்புரம் விபத்துல அடிபட்டவரு குடிச்சிருந்தார்னு நான் சொன்னது தப்புங்க. அவரு குடிக்கலீங்க. அது ஆசிட் வாடைங்க. தப்பு என்னோடது" என்றேன். மெமோ வந்தாலும் வரட்டும்.

பிறகு அந்தப் பெண், "செய்தி யாருக்குங்கய்யா?" என்றாள். புத்தகத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது, அவள் என்ன செய்வாள்? உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். "எல்லா ஸ்டேசனுக்குமுங்க" என்றேன்.

அவள் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பல்லடத்திலிருந்து யாரோ, "கேட்டோமுங்க ஏட்டய்யா" என்றார்கள்.

மொத்தம் அரை நிமிடம்கூட ஆகவில்லை, அம்மிணி. நீ கேட்டது இந்த அரை நிமிடத்தைத்தான். மைக் முன்னால் நீ உட்கார்ந்திருந்த ஆறு வருடத்தில் அதை நான் சொல்லவில்லை.