ஏலக்காய் டப்பாவில் இருந்த பிளாப்பி

ஐப்பசி, செவ்வாய் இரவு.

போடிமெட்டிலிருந்து செல்வி என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தாள். இறந்துபோன கணவர் அவளுக்கு எழுதிய கடிதம் ஒரு பழைய பிளாப்பியில் இருந்தது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க ஏலக்காய் டப்பாவில் வைத்திருந்தாளாம்.

பிளாப்பி டிரைவின் முனை, சுழலும் தகட்டை உரசிக்கொண்டேதான் படிக்கும். தூசி இருந்தால் தகட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டிவிடும். தெரிந்தும் துடைக்காமல் போட்டேன். கரகரவென்று சத்தம் வந்தது. நிறுத்தாமல் மறுபடியும் ஓடவிட்டேன். வெளியே எடுத்தால், பழுப்புப் பூச்சு உரிந்து வளையமாக வெளிச்சம் தெரிந்தது. கடிதம் அந்தப் பூச்சில்தான் இருந்தது.

"நான் வச்ச எடந்தான் தப்பாண்ணே?"

"ஆமாம்மா. ஏலக்காத் தூசிதான்" என்றேன்.

ஊருக்குப் போகும் ஜீப்பைப் பிடிக்கப் போய்விட்டாள். டப்பாவை எடுத்துக்கொள்ளவில்லை. கடை முழுக்க ஏலக்காய் வாசம். துடைக்காதது நான் என்று இந்த டைரியில்தான் எழுத முடிகிறது.