இடது பின் சக்கரம்

ஜூன் 4, ஞாயிறு

பிரார்த்தனை முடிந்து திரும்பும்போது பெட்ரோல் பங்கில் காற்று பார்த்தோம். முன்னால் இரண்டும் 32. பின்னால் வலது 32. பின்னால் இடது 27. போன ஞாயிறும் இதே 27தான், 32 ஆக்கிக்கொண்டுதான் வந்தோம். வாரத்துக்கு ஐந்து எங்கே போகிறது? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "காத்து காத்தோட போச்சு. அதையும் உன் நோட்டுல எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

ஜூன் 7

வண்டி அறுபதைத் தாண்டினால் என் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம். அவர் ஓட்டுவார், மகள் முன்னால் உட்காருவாள், பின்னால் இடது பக்கம் நான். அதனால் இது எனக்கு மட்டும்தான் தெரிகிறது. "ரோடு சரியில்ல" என்கிறார். போன மாதம் போட்ட தார், இன்னும் கறுப்பு மாறவில்லை. அந்த ரோடா சரியில்லை?

நாலு டயரும் ஜனவரியில் என் கொழுந்தனார் கடையில் மாற்றியவை. பில் கிடையாது. அன்றைக்குக் கேட்டதற்கு, "தம்பிகிட்ட பில் கேக்குற வீடு இல்ல இது" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஜூன் 9

மகள் போனில் ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தாள். கார் வைத்திருப்பவர்கள் தங்கள் சக்கரத் தொல்லைகளை எழுதும் இடம். சமையலுக்கு நடுவே முழுக்கப் படித்தேன். ஒருவருக்கு டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறதாம். ஒருவருக்கு ஸ்டியரிங் ஆடுகிறதாம். ஒருவருக்குக் காற்று நிற்பதே இல்லையாம். எழுதியவர்கள் எல்லோரும் ஓட்டுகிறவர்கள். பின்சீட்டில் உட்காருகிறவள் ஒருத்திகூட எழுதவில்லை.

வாரத்தில் மூன்று நாள் இந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டுதான் மகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ரத்தம் எடுக்கிற வேலை. போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது, எல்லாம் நெடுஞ்சாலை. அவருக்கு இது ஞாபகம் இருக்கிறதா?

ஜூன் 12, திங்கள்

மகளைக் கூட்டிக்கொண்டு நானே பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"ஆணி எதுவும் ஏறல அக்கா. ஓரத்தைப் பாருங்க, ரப்பர் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. இது ஆறு மாச டயர்னு யார் சொன்னா?"

"வீட்ல."

"வீட்ல நல்லா ஜோக் அடிப்பாங்க போல."

பிறகு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு டயரிலும் நாலு எண் அச்சடித்திருக்கும். முதல் இரண்டு, செய்த வாரம். அடுத்த இரண்டு, வருஷம். மற்ற மூன்றிலும் நானே படித்தேன், போன வருஷக் கடைசி. இந்த ஒன்றில் மட்டும் எண் இருக்கிற பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

"கழட்டினா பல் இளிச்சிடும். பத்து நிமிஷ வேலை. இப்ப ஜாக் வேற வண்டிக்கு அடியில மாட்டியிருக்கு. நாளன்னைக்கு வாங்க."

ஜூன் 13

அவர் தம்பிக்குப் போன் போட்டிருக்கிறார். சாயங்காலமே கொழுந்தனார் வந்து நின்றார்.

"என்ன அண்ணி, டயருக்குப் பொறந்த நாள் பாக்குறீங்களாம். சொல்லுங்க, கேக் நானே வாங்கிட்டு வரேன்."

என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எண்ணு ஏன் தம்பி உள்ளே போச்சு?" என்றேன்.

"மாட்டுற பையனுக்கு உள்ளே ஏது வெளியே ஏது? வெயில்ல ரப்பர் வெடிக்கத்தான் செய்யும்." அப்புறம் எழுந்து சாமி அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். "மத்த மூணோட சேர்ந்து ஒரே லாரியில எறங்குன டயர் அண்ணி இது. இந்தச் சாமி சாட்சி. போதுமா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் தினமும் கண்மூடி நிற்கிற இடம் அது. அங்கே நின்று ஒரு மனிதர் சொன்ன பிறகும் டயரைக் கழற்றிப் பார்த்தால், நான் சோதிப்பது அவரையா, சாமியையா? பஞ்சர் கடைக்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நோட்டில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே 'தீர்ந்தது' என்று எழுதினேன்.

ஜூன் 18, ஞாயிறு

26. நிரப்பிக்கொண்டு வந்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. நானும்தான்.

ஜூன் 23

மகள் ஆஸ்பத்திரியில். வேலைக்கு இல்லை. கட்டிலில்.

ஜூன் 26

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் வெடித்திருக்கிறது. வண்டி சுற்றிக்கொண்டு போய் நடுத்தடுப்பில் மோதியது. மகளுக்கு வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிவு. பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

இன்று பஞ்சர் கடைக்காரரோடு போய், வண்டியை இழுத்து நிறுத்தியிருக்கிற இடத்தில் பார்த்தேன். கிழிந்து தொங்குகிறது. எண் மட்டும் முழுசாக இருக்கிறது. முப்பத்துநான்காவது வாரம். ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. ஒன்பது வருஷம்.

மகளிடம் சொன்னேன். மறைக்கவில்லை.

"கழட்டிப் பாக்கலாம்னு சொன்னாரே அம்மா. ஏன் போகல?"

"சித்தப்பா சத்தியம் பண்ணார்டி."

"அவர் பண்ணுவார். நீ ஏன் அதை வாங்கிக்கிட்ட?"

பொய் சொன்னது அவர். சாமி பெயர் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டவள் நான்.

ஜூலை 8

கொழுந்தனார் நாலு புது டயர் அனுப்பியிருக்கிறார். சும்மா. வீட்டுக்காரர் வாங்கி வராந்தாவில் அடுக்கி வைத்திருக்கிறார். "எவ்வளவு பெரிய மனசு பாரு" என்றார்.

என் பொண்ணு கையால சோறு அள்ள முடியல. இவருக்கு மனசோட அளவு தெரியுதாம்.

ஜூலை 11

கொழுந்தனார் கடை மேல் என் கையால் புகார் எழுதினேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மீதிப் படிப்பெல்லாம் பொட்டலம் கட்டிய காகிதத்தில் படித்தது. மூன்று தடவை திருத்தி எழுதினேன். வாராவாரம் எடுத்த காற்று அளவும் சேர்த்தேன். 'தீர்ந்தது' என்று எழுதிய பக்கத்தையும் வைத்தேன். அதுவும் நடந்ததுதானே.

ஆகஸ்ட் 3

மகளுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. இரண்டு விரல் முழுசாக மடங்கவில்லை. ஊசி பிடிக்கக் கூடாது என்று பதிவு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். இனி வண்டி வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 22

புகார் அலுவலகத்தில் விசாரணை. என் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிய அதிகாரி, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. பில் இல்லையே" என்றார். கொழுந்தனார், "அது என் கடை டயரே இல்ல" என்றார். இந்தத் தடவை சாமியைக் கூப்பிடவில்லை. பிறகு அதிகாரி என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "வண்டி உங்க பேர்லதான் இருக்கு. நீங்க சொன்னா போதும். அந்த டயரை எங்க வாங்கினீங்க?"

அவர் தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஞாபகம் இல்லைங்க."

எழுதிக்கொண்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்தார். நான் வழியில் மகள் இருக்கும் தெருவில் இறங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஐந்து நாளாக இங்கேதான் இருக்கிறேன். மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போன் செய்தார்.

"அரிசி எந்த டப்பாவுல இருக்கு?"

"ஞாபகம் இல்லை" என்றேன்.

பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். பின்னி முடித்துவிட்டுப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். மகளின் இரண்டு விரலுக்காக வேண்டிக்கொண்டேன். சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்கவில்லை.