மூன்றாம் எண் குழந்தை

ஜூலை 9, புதன்
காலையிலிருந்து தூறல், மூடுபனி. சர்வே பயிற்சி. ஆறு பெண்கள். மூன்று மாத வேலை: ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரம், எடை.
அளந்து பழக நாலு குழந்தைகள் வேண்டுமாம். எல்லாரும் தலைகுனிந்தார்கள். சுமதிக்கா: "அளந்தா கண்ணு பட்டுருமுங்க." எனக்குச் சிரிப்பு. என் மகியைக் கூட்டி வருகிறேன், நல்லா இருக்கிற குழந்தையும் ஒண்ணு வேணுமில்லையா என்றேன்.
வாங்க: பால் அரை லிட்டர், மகிக்கு சாக்ஸ்.

ஜூலை 10, வியாழன்
பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். மகி மூன்று. ஆளுக்கு இரண்டு தடவை அளந்தோம். கடைசியில் அவளே பலகையில் போய் நின்றாள். அவள் உயரம் எல்லார் அளவிலும் 79.5, 79.6 செ.மீ. பயிற்சி தரும் சார், "ஒருத்தர் கையும் தப்பலை. பாஸ்" என்றார். கைதட்டல். நானும் தட்டினேன்.
பிறகு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கச் சொன்னார். மூன்றாம் எண் அட்டை என்னிடம். வயது இரண்டேகால். புள்ளி, அந்த வயசுக்கு இருக்க வேண்டிய உயரக் கோட்டுக்குக் கீழே. அழித்துத் திரும்ப வைத்தேன். அங்கேயே.
சார்: "நொம்ப நாளாச் சத்துப் பத்தலைன்னா இப்படித்தான் வளர்த்தி நிக்கும். இந்தப் புள்ளையோட அம்மாகிட்ட என்ன சொல்வீங்க?"
முட்டை, பருப்பு, சத்துமாவு, டாக்டர். ஒன்றும் விடாமல் சொன்னேன். வெரி குட் என்றார். சுமதிக்கா என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலை.
ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்க ஊட்ல எல்லாருமே குள்ளந்தான், உடு." தான் ஓட்டும் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

ஜூலை 12, சனி
தூக்கமில்லை. மணி ஒன்று.
போன வருஷம் முழுக்க அரசு வேலைப் பரீட்சைக்குப் படிப்பு. மகிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், தண்ணி டீ. கொடுத்தால் இரண்டு மணி நேரம் சத்தமில்லை. மத்தியானச் சோறு வேண்டாம் என்றால் சரி என்று விட்டேன். அங்கன்வாடி சத்துமாவை எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். டிகிரி படித்தவள் வீட்டில் அது எதற்கு என்று ஒரு நினைப்பு.
பரீட்சையும் போச்சு. ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றி இரண்டு கேள்வி வந்தது. இரண்டும் சரியாக எழுதினேன்.

ஜூலை 15, செவ்வாய்
குளிர். வீடு வீடாகப் பதினொரு குழந்தைகள். செல்வி, லாட்ஜில் துணி துவைப்பவர். அவர் மகன் கோட்டுக்குக் கீழே. வியாழன் அங்கன்வாடிக்கு டாக்டர் வருவார் என்று சீட்டு கொடுத்தேன்.
"ஏனுங்க, நான் நல்லாத்தானுங்க பாத்துக்கறேன். ரெண்டு இட்லி முழுசாத் திங்கறான்."
"குத்தம் சொல்லலைங்க. காட்டிட்டு வாங்க."
"உங்க பாப்பா நல்லா இருக்குதுங்களா?"
"நல்லா இருக்கா."
"இருக்கட்டுங்க, நல்லா இருக்கட்டும்." மனசாரச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்
மழை விட்டது. அரை நாள் லீவு. சீட்டுப் புத்தகத்தில் ஒன்று கிழித்து மகி பெயர், தாய் பெயர் எழுதினேன்.
அங்கன்வாடியில் செல்வி. நான் அளக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து எழுந்து வழிவிட்டார். "இல்லைங்க, நானும் காட்டத்தான்." சீட்டைப் பார்த்தார், மகியைப் பார்த்தார். அன்னைக்கு நல்லா இருக்கான்னு சொன்னீங்களே என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். நகர்ந்து இடம் கொடுத்தார்.
"உக்காருங்க. நேரமாவும். வா கண்ணு, இங்க வா." மகியை மடியில் ஏற்றிக்கொண்டார். "இவன் கீரைன்னா உசுர உடுவானுங்க. பாப்பா எது குடுத்தா ஆசையாத் திங்கும்?"
யோசித்தேன். எங்களைக் கூப்பிடும் வரை யோசித்தேன்.