ஆளுக்கு ஏழு கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கேயும் எல்லோரும் நலம் என்று போன வாரம் போனில் சொன்னேன். அது பொய். நாம் பேசும்போதெல்லாம் அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு முகங்கள் தெரிவதில்லை.

பதறாதே. கண்ணில் ஒன்றுமில்லை. இன்னும் ஊசியில் நூல் கோக்கிறாள். எட்டு மாதத்துக்கு முன் தலைசுற்றி விழுந்தாளே, மறுநாளே எழுந்து நடமாடினாள், நாமும் வெயில் என்று விட்டுவிட்டோம். வெயில் இல்லை. மூளையில் சின்ன அடைப்பாம். டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: புருவம் தெரியும், மூக்கு தெரியும், வாய் தெரியும், மூன்றும் சேர்ந்து ஓர் ஆளாக ஆவதில்லை. குரல் கேட்டால் போதும், கண்டுபிடித்துவிடுகிறாள். நடையை வைத்தும் சொல்லிவிடுவாள். சும்மா நிற்பவர்கள்தான் சிக்கல்.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து, பெரியவள் இளைத்துவிட்டாள் என்று கன்னத்தைத் தடவினாள். விரல் இருந்தது உன் அறைத்தோழியின் கன்னத்தில். 

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்திலும் யாருக்கும் தெரியாது. அவளுக்கு அங்கே என்ன வேலை என்று உனக்குத் தெரியும். மாலை ஐந்து மணிக்கு கேட்டில் நின்று பத்தொன்பது குழந்தைகளையும் சரியான கையில் ஒப்படைக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவர்களிடம் மட்டும். பிள்ளைகள் அவளை கேட்டம்மா என்றுதான் கூப்பிடுகின்றன.

வேலையை விட்டுவிடு என்றேன். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து உன் மூஞ்சியைப் பார்க்கவா, அதுவும்தான் தெரியவில்லையே என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

முகம் சேர்ந்து வராவிட்டால் என்ன, உதிரியாகக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அச்சகத்தில் என் பக்கத்து மேசையில் படம் போடுகிறவனைப் பற்றி எழுதியிருக்கிறேனே. போடுவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் அவனுக்கு ரப்பர் என்று பெயர். முகம் வரையக் கற்றுக்கொடு என்றேன். காரணம் சொல்லவில்லை. நான் முதலில் வரைந்த கண்ணைப் பார்த்துவிட்டு, இமை முடியை எண்ணி எண்ணி வைத்திருக்கிறாயே, வேறு வேலையே இல்லையா என்று கேட்டான். அவன் முறை இதுதான்: ஆளை ஒரு தடவை பார். திரும்பிக்கொள். எது மனதில் தங்குகிறதோ அதை மட்டும் போடு. கண் இரண்டு புள்ளி. மூக்கு ஒரு 'ட'. வாய் ஒரே கோடு, அதன் நுனி மேலே போகிறதா கீழே போகிறதா, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு கோடாக அழித்துப் பார். எதை அழித்தால் ஆள் காணாமல் போகிறாரோ அதை விட்டுவை.

ஒரு மாதம் பழகினேன். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், பழைய புரூப் தாள்களின் பின்பக்கத்தில். முதலில் எல்லோரும் உருளைக்கிழங்காக வந்தார்கள். பிறகு ஒருநாள் எங்கள் முதலாளி நாலே கோட்டில் வந்து விழுந்தார். ரப்பர் அதைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

தினமும் ஐந்து மணிக்குக் காப்பகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றேன். பிள்ளைகளை அழைத்துப்போக வருகிறவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். ஆளுக்கு ஓர் அட்டை, ஏழு கோடு, கீழே குழந்தையின் பெயர். அம்மா காய் நறுக்கும்போது நான் அட்டையைக் காட்டுவேன், அவள் பெயர் சொல்வாள். இவன் வாயைப் பார், கசப்பு மருந்தை முழுங்கினவன் மாதிரி என்பாள். இவளுக்குப் புருவத்தை யார் இவ்வளவு உயரத்தில் தூக்கி மாட்டியது என்பாள். எட்டு மாதத்தில் அந்த நாட்களில்தான் அவள் அவளாக இருந்தாள். பத்து வாரம் ஒரு பிசகும் இல்லை.

போன செவ்வாய் வரை.

அங்கே பட்டாணி என்று ஒரு பையன் இருக்கிறான். இரண்டரை வயது. அவனுடைய அப்பாவைத் தவிர வேறு யாரிடமும் விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் தம்பிக்குள் வீட்டுத் தகராறு. அன்று வந்தது சித்தப்பா. வாயைத் திறக்கவில்லை, கேட்டில் நின்று கையை மட்டும் நீட்டியிருக்கிறார். பட்டாணி ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அட்டையில் உள்ள ஏழு கோடும் அந்த முகத்தில் இருந்தன. அம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் அப்பா வந்தார். அவர் என் மகன் எங்கே என்று கேட்க, அத்தனை பேர் முன்னாலும் அம்மா சொல்லியிருக்கிறாள்: "இப்பத்தானே நீங்க கூட்டிட்டுப் போனீங்க?"

நாற்பது நிமிடம், அக்கா. சித்தப்பா ஒரு பலூனோடு பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். கடைத்தெருவைக் காட்டிவிட்டு வந்தாராம். அந்த நாற்பது நிமிடமும் பட்டாணியின் அப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

எல்லோரும் சித்தப்பாவைத்தான் ஏசினார்கள். பொறுப்பாளர் மேடம், அண்ணன் தம்பி அச்சு அசலாக இருக்கிறார்கள், யாராயிருந்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்று அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அம்மா அதை வாங்கிக் குடித்திருக்கிறாள்.

மறுநாள் நான் போய் இருவரையும் பார்த்தேன். பட்டாணியின் அப்பா வீட்டுக்கு எதிரிலேயே தம்பி வீடு. அச்சு அசல் எல்லாம் இல்லை, மேடம் ஆறுதலுக்குச் சொன்னது. தம்பி ஒல்லி, மாநிறம், காது விரிந்தது. முகம் தெரிகிற யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் ஒட்டிய புருவம், ஒடுங்கிய தாடை, கீழே இழுத்த வாய், இவை இரண்டு பேருக்கும் ஒன்று. நான் விட்டுவைத்தவை அவைதான். ஒரு முகத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் கடைசியில் குடும்ப ஜாடைதான் மிஞ்சுகிறது. ரப்பரிடம் கேட்டேன். ஆமாம், கேலிச்சித்திரத்துக்கு அது போதும், நீ எதற்குப் போடுகிறாய் என்றான். 

அன்று சாயங்காலம் அம்மா அந்த அட்டையை என் முன்னால் வைத்தாள். இன்னும் இரண்டு கோடு சேர்த்துக் கொடு, போதும் என்றாள். சேர்த்துக் கொடுத்தேன். காதைப் போட்டேன்.  அவள் அதை வாங்கிக்கொண்டு மற்ற முப்பதையும் எடுத்துவந்து, இதுகளுக்கும் என்றாள்.

முப்பது பேருக்கும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருப்பார்கள். எத்தனை கோடு சேர்ப்பது?

இன்று சனிக்கிழமை. திங்கள் காலை மேடத்திடம் போய்ச் சொல்லப் போகிறேன். அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவள் அட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் இல்லாத வேறு வேலை ஏதாவது உள்ளே கொடுக்கச் சொல்லிக் கேட்பேன். கொடுப்பார்களா தெரியாது.

இந்தக் கடிதம் திங்களுக்கு முன் உனக்குக் கிடைக்காது. தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். போன் செய்தால் கொஞ்சம் பொறு என்பாய். நானும் பொறுத்துவிடுவேன்.

நீ இதைப் படிக்கும்போது அம்மா உன்னிடம் எல்லாம் சொல்லி அழுதிருப்பாள். சின்னவள் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றிருப்பாள். எனக்காக அவளிடம் வாதாடாதே, அக்கா. நான் செய்தது சரி என்று சொல்லிவிடாதே. அவளோடு சேர்ந்து என்னைத் திட்டு. எனக்குக் கேட்கிற மாதிரி திட்டு. அவள் பக்கம் ஒருத்தியாவது இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
தங்கை